தங்கத்தாளும் சிவப்புத்தாளும்

மலையடிவாரத்துக் கோகோ தோப்பில் தொங்கன் என்ற குரங்கும் வரிச்சி என்ற அணிலும் கூட்டாக வாழ்ந்தார்கள்.

கோகோ காய் அடிமரத்திலேயே காய்க்கும். காயைத் துளைத்துத் தலையை உள்ளே விட்டால்தான் இனிப்பான வெள்ளைச் சதை கிடைக்கும். ஆனால் தலையை உள்ளே விட்டவருக்கு வெளியே யார் வருகிறார்கள் என்று தெரியாது. தோப்பு முதலாளியின் நாய் சீசரோ ஓயாமல் சுற்றிவரும். அதற்குக் கிடைப்பது என்னவோ பழைய சோறுதான். குரைப்பு மட்டும் தோப்பே தன்னுடையது போல!

அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒருவர் தின்னும்போது மற்றவர் கிளையில் காவல். நாய் வந்தால் குரல் கொடுக்க வேண்டும். பிறகு முறை மாறும். மூன்று மழைக்காலமாக நாயின் பல் இருவர் மீதும் படவில்லை.

ஒரு நாள் ஓடைக்கரையில் சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போனதில், தொங்கனுக்குத் தங்கத்தாள் சுற்றிய 'மொன்டேரா' சாக்லேட் கிடைத்தது. வரிச்சிக்குச் சிவப்புத்தாள் சுற்றிய 'டிங்கோ' கிடைத்தது.

"பார்த்தாயா தங்கச்சி! சீமைச் சரக்கு! விமானத்தில் போகிறவர்கள் தின்பது!"

"இருக்கட்டும் அண்ணே. டிங்கோ மாதிரி வருமா? வாயில் வைத்ததும் கரைகிறது!"

"சீ! பெட்டிக்கடைச் சரக்கு! வெறும் சீனி!"

"உன்னுடையது கசாயம்! இங்கே வரைக்கும் வாடை அடிக்கிறது!"

மேலே இருந்த மைனா சிரித்தது. "கிடைக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் பாருங்கள்!"

மைனா சொன்னது உண்மை. அந்தத் தங்க மினுமினுப்பு வரிச்சியின் கண்ணை உறுத்தியது. தொங்கனுக்கும் எரிச்சல் இருந்தது. மொன்டேரா கசந்ததால் முதல் கடியை இலை மறைவில் துப்பியிருந்தான். டிங்கோவின் பால் வாசனை அவன் நாக்கில் எச்சில் ஊற வைத்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆளுக்குப் பாதி தின்றிருக்கலாம். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று இருவரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை தொங்கன் மீதிச் சாக்லேட்டைத் தங்கத்தாளில் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"ஏய் பொடிசு! ஒழுங்காகக் காவல் பார்!" என்று சொல்லிவிட்டுக் காய்க்குள் தலையை விட்டான்.

புதருக்குப் பின்னால் சீசர் பதுங்கி வந்தது. வரிச்சி பார்த்தாள். வாயைத் திறந்தாள். தொங்கனின் கக்கத்தில் இருந்த தங்கத்தாள் வெயிலில் மின்னியது.

"அந்தத் தாளே அவனுக்குக் காவல் இருக்கட்டும்!" என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

சீசர் பாய்ந்து வாலைக் கவ்வியது. தொங்கன் அலறிக்கொண்டு மரத்தில் தாவினான். பாதி வால் நாயின் வாயில் இருந்தது. தங்கத்தாள் கிளைக் கவட்டில் விழுந்தது.

"நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், தங்கச்சி?"

தொங்கன் மரத்துக்கு மரம் தாவி மலை ஏறிப் போனான். திரும்பி வரவே இல்லை.

வரிச்சி தங்கத்தாளைப் பிரித்துச் சாக்லேட்டைக் கடித்தாள். ஒரே கசப்பு! ஆனால் அந்தக் கசப்பு அவளுக்குப் புதிதல்ல. சதையைச் சப்பிவிட்டுத் தினமும் அவள் துப்பும் விதையின் கசப்பு அது!

கீழே சீசர் வாயை நக்கிக்கொண்டது. "இப்போதுதான் தெரிந்ததா? தங்கத்தாள், சிவப்புத்தாள் இரண்டுக்குள்ளும் இந்தத் தோப்பு விதைதானடி! என் முதலாளி ஒரே மூட்டையைப் பிரித்துத்தான் இரண்டு கம்பெனிக்கும் அனுப்புகிறார். நீங்கள் அடித்துக்கொண்டதில் எனக்கு வேலை சுலபமாயிற்று!"

அந்தப் பருவத்தில் மரமெல்லாம் காய் பழுத்துத் தொங்கியது. வரிச்சி காய்க்குள் தலையை விடுவாள். சருகு அசைந்ததும் வெளியே இழுத்துக்கொள்வாள். மறுபடி விடுவாள், மறுபடி இழுப்பாள். காவலுக்கு ஆள் இல்லை. ஒரு வாய்ச் சதைகூட அவளுக்கு நிம்மதியாக இறங்கவில்லை.

கம்பெனி சுற்றிக் கொடுக்கும் தாளைப் பார்த்துத் தோழன்மேல் பொறாமைப்படுகிறவர்கள், தோழனையும் இழந்து தங்கள் மரத்துக் கனியையும் இழப்பார்கள்.