கோடு தெரியாத பிரஷ்

"இதுக்குக் கோடு போடத் தெரியாதுண்ணே. சுவர் மட்டும்தான் தெரியும்."

குளித்தலை பெயின்ட் கடையில் வெள்ளையடிக்கிற ஒருவர், அகலமான பிரஷ் ஒன்றை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தபடி கடைக்காரரிடம் சொன்னார்.

பக்கத்தில் ஆணி வாங்க நின்றிருந்த நாகசுந்தரத்தின் காதில் அது விழுந்தது. ஆணியை மறந்துவிட்டார். இரண்டு இஞ்ச், மூன்று இஞ்ச், நான்கு இஞ்ச் என்று மூன்று பிரஷ்களும், போஸ்டருக்குப் பசை தடவுகிற தடித்த பிரஷ் ஒன்றும் வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

நாகசுந்தரம் முப்பது வருஷம் பொதுப்பணித்துறையில் வரைவாளராக இருந்தவர். காவிரியின் அகலத்தையும் ஆழத்தையும் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகு நீர்வண்ணம் கற்றுக்கொள்ள வந்தார். வறண்ட ஆற்றில் புதுத் தண்ணீர் வருவதை வரைய வேண்டும், அது ஒன்றுதான் ஆசை.

போன வருஷம் முயன்றார். ஊசி போன்ற தூரிகையால் அக்கரைத் தென்னைகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தார். தலை நிமிர்ந்தபோது ஆறு இரு கரையும் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் விட்டால் இல்லை. ஆடி முடிந்ததும் மகன் நாக்பூருக்கு அழைத்துப் போகிறான். வீட்டை விற்கவும் பேசி முடித்தாயிற்று.

அவருடைய ஆசிரியை கோதைநாயகிக்கு முப்பத்தொரு வயது. டீக்கடை மாடியில் ஓர் அறையில் வகுப்பு நடத்தினாள். கீழே டீ போடும் ராயப்பனுக்கு அந்த இருவரையும் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"சிஷ்யருக்கு நரை, குருவுக்குச் சடை. தட்சிணாமூர்த்தி சந்நிதி என் கடை மாடியிலதான்யா இருக்கு!"

அன்றும் சொன்னான். நாகசுந்தரம் நிற்கவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறினார்.

"டீச்சர், இதைப் பாருங்க!"

கோதைநாயகி பார்த்தாள். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டு இஞ்ச் வழவழவென்று போனது. மூன்று இஞ்ச் நடுவில் பிளந்து இரண்டு தடமாக ஓடியது. பசை பிரஷ் கிண்ணத்து நீலத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தாளில் மட்டுமில்லாமல் மேசையிலும் அவர் வேட்டியிலும் கக்கியது. நான்கு இஞ்ச்சைப் பாதி காய்ந்த நிலையில் இழுத்தார். தாள் முழுவதும் சொரசொரவென்று வெள்ளைப் பொட்டுகள் விட்டுப் போயின.

"டீச்சர், மணல்! நான் போடலை. அதுவா வந்துருச்சு!"

"முன்னாடி மணலை எப்படிப் போடுவீங்க?"

"புள்ளி புள்ளியா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மத்தியானம் ஆகும்."

இருவரும் சிரித்தார்கள். மறுபடி இழுத்தார். மறுபடி மணல். இப்போது பிரஷ்ஷிலிருந்து ஒரு முடி கழன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. நாகசுந்தரம் உடனே நகத்தால் கிள்ளி எடுத்தார். அந்த இடத்தில் பூனை பிராண்டினாற்போல ஒரு வடு விழுந்தது.

"எல்லாத்துலயும் முடி கொட்டுது. இந்த நாலுல எது டீச்சர் நல்ல பிரஷ்?"

கோதைநாயகி நான்கு இஞ்ச்சை வாங்கினாள். அதுதான் அதிகம் கொட்டியது. நீலத்தில் முக்கி ஓர் இழுப்பு இழுத்தாள். மூன்று முடிகள் ஒட்டின. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"டீ குடிச்சுட்டு வரலாம், வாங்க சார்."

"முடி இருக்கே?"

"இருக்கட்டும்."

திரும்பி வந்தபோது தாள் காய்ந்திருந்தது. அவள் குனிந்து ஊதினாள். முடிகள் பறந்தன. அவை கிடந்த இடத்தில் மூன்று மெல்லிய, வளைந்த கோடுகள்.

"நாணல்!" என்றார் நாகசுந்தரம்.

கீழேயிருந்து ராயப்பன் கத்தினான். "சார்! தண்ணி மாயனூர் தாண்டிருச்சாம்! காலையில நம்ம கடம்பந்துறைக்கு வந்துரும்!"

விடிந்ததும் படித்துறையில் கூட்டம் கூடிவிட்டது. பூவும் மஞ்சளுமாகப் பெண்கள், செருப்பைக் கையில் பிடித்த ஆண்கள். ஒருவர் மணலில் காதை வைத்து, "சத்தம் கேக்குது!" என்றார். "அது உன் வயித்துச் சத்தம்டா" என்றார் இன்னொருவர்.

நாகசுந்தரம் கடைசிப் படியில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். கோதைநாயகி வந்து தாளைப் பார்த்தாள். பென்சிலால் அக்கரை, இக்கரை, இரண்டுக்கும் நடுவில் அளந்து விட்ட வெள்ளை இடம்.

"இது என்ன சார்?"

"தண்ணி வர வேண்டிய இடம். முப்பது வருஷம் அளந்த ஆறு டீச்சர், தப்பாது."

"அதுகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அங்கே ஊசித் தூரிகை இருந்தது. அவள் அதைக் கவனிக்காததுபோல ஆற்றைப் பார்த்தாள்.

மேற்கே யாரோ விசில் அடித்தார்கள். கூட்டம் எழுந்தது. வெகு தூரத்தில் மணல் நிறம் மாறியது. நாகசுந்தரம் வண்ணங்களைத் திறந்தார். தண்ணீர் டப்பாவை எடுத்தார். அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"டீச்சர்."

"என்ன சார்?"

"தண்ணி கொண்டு வரலை."

"ஏன்?"

"ஆத்துக்குத்தானே வர்றோம்னு..."

பின்னாலிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏ, இங்க பாரு! காவேரிக்கு வந்து தண்ணி தேடுறாரு!"

நாகசுந்தரம் படியேறிக் குழாயைத் திருகினார். காற்று வந்தது. இரண்டு பேரிடம் கேட்டார். யாரும் இவர் பக்கம் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் மேற்கில். திரும்பி ஓடி வந்தார். கோதைநாயகியின் மடியில் ஒரு பாட்டில் இருந்தது. அதில் பாதி தண்ணீர்.

"டீச்சர், அதைக் குடுங்க. சீக்கிரம். போன வருஷம் மாதிரி ஆயிடும்."

அவள் மூடியைத் திறந்தாள். அண்ணாந்து, சொட்டு விடாமல் குடித்து முடித்தாள்.

"டீச்சர்! தண்ணி இல்லாம எப்படி வரையறது?"

கோதைநாயகி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துக்கிட்டிருக்கு சார்."

நுங்கும் நுரையுமாக அது வந்தது. சருகும் குச்சியும் ஒற்றைச் செருப்பும் முன்னே உருண்டன. நேராக வரவில்லை. ஒரு நாக்கு இடப்பக்கம் நீண்டு தயங்கியது. இன்னொன்று பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து படித்துறையைப் பார்த்துத் திரும்பின. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ பூவை வீசினார்கள்.

நாகசுந்தரம் சட்டைப் பையிலிருந்த தூரிகையைப் படியில் வைத்தார். நான்கு இஞ்ச் பிரஷ்ஷை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையை மார்போடு அணைத்தபடி மணலில் இறங்கினார். நுரை அவர் விரல்களைத் தொட்டது. குனிந்து, செம்பழுப்பு நீரில் பிரஷ்ஷை முக்கினார். அதே ஈரத்தோடு, கடைசிப் படியிலிருந்த நீலத்தில் ஒரு புரட்டு.

தாளின் ஓர் ஓரத்தில் தொடங்கி, பென்சில் கரைகள் இரண்டின் மேலும் ஏறி, மறு ஓரம் வரை இழுத்தார்.

நடுவில் ஒரு முடி ஒட்டியிருந்தது. அவர் நகம் அதன் அருகே போனது.

நின்றது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.