இடியாப்பக்காரியின் கை

செவ்வேள் நாற்பத்தைந்து வயதில் மறுபடியும் மாணவரானார். கழுகுமலைப் பக்கம் பதினாறு வருடமாகக் கிளினிக் நடத்திவரும் டாக்டர் அவர். மூட்டுவலி என்று வருகிறவர்களில் பாதிப் பேர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. திருநெல்வேலியில் மூட்டுநோய் பார்க்கும் டாக்டர் மெகருன்னிசாவிடம் வாரம் இரண்டு நாள் வந்து உட்கார ஆரம்பித்தார். அந்த அம்மாள் அவரைவிட நான்கு வயது இளையவர்.

"மூட்டுவாதத்துல நூறு வகைக்கு மேல சொல்றாங்க மேடம். எப்படிப் பிரிக்கிறீங்க?"

"பக்கத்துல உட்காருங்க," என்றார் அவர்.

அன்று முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முழங்கால் வலி. காலையில் பத்து நிமிடம் நடந்தால் பிடிப்பு விட்டுவிடும். தேய்மானம். அடுத்தவருக்குக் கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். யூரிக் அமிலம்.

மூன்றாவதாக வந்த பெண் செவ்வேளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"அய்யா, நீங்க இங்கயா இருக்கீங்க!"

பாக்கியசீலி. அவர் கிளினிக் இருக்கும் தெருவில் இடியாப்பம் பிழிந்து விற்பவள். இரண்டு வருடமாகக் கைவலிக்கு அவரிடம்தான் ஊசியும் மாத்திரையும் வாங்கினாள். உழைக்கிற கை, தேய்மானம் என்று சொல்லியிருந்தார்.

மெகருன்னிசா அவள் இரண்டு கைகளையும் வாங்கி ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"காலையில எந்திரிச்சதும் விரல் மடங்குதா?"

"எங்க மடங்கும்மா! ரெண்டு மணி நேரம் கட்டைதான். அஞ்சு மணிக்கு மாவு பிழியணும்லா. அதான் மூணு மணிக்கே எந்திரிச்சு வெந்நீர்ல கைய முக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாரும் கேக்கலியே," என்று சிரித்தாள்.



உடனே எடுத்துவரச் சொன்ன எக்ஸ்ரேயில் கணு எலும்புகளின் ஓரம் எலி கொறித்தது போல் அரித்திருந்தது. முடக்குவாதம்.

"விரல் நிமிருமா அம்மா?"

"சாய்ஞ்சது நிமிராது. இனிமே சாயாமப் பாத்துக்கலாம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுற மாத்திரை தர்றேன். தினமும் போட்டுடக் கூடாது. முதல்ல ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு வாங்க."

பாக்கியசீலி கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தாள். பிறகு செவ்வேள் பக்கம் திரும்பினாள்.

"அய்யா அப்பவே சொன்னீங்க, கைக்கு ஓய்வு குடும்மான்னு. நாந்தான் கேக்கல. நானே இழுத்துக்கிட்டது. நீங்க வருத்தப்படாதீங்க."

செவ்வேள் எக்ஸ்ரேயை எடுத்து மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெகருன்னிசா பேனாவை மூடிவைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். பாக்கியசீலி மருந்துச் சீட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள்.

கதவு மூடியதும் செவ்வேள் கேட்டார். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே மேடம், தப்பு அவ மேல இல்லைன்னு?"

"நான் சொன்னா அது வெறும் ஆறுதல். நீங்க சொல்ல வேண்டியது அது."

"நான் சொல்லி மட்டும் என்ன ஆகப்போகுது? அந்த விரல் நிமிரவா போகுது?"

மெகருன்னிசா அடுத்தவரை அழைக்கும் மணியை அடிக்கவில்லை.

"நான் தப்பாப் பாத்த பேஷண்ட் எனக்கும் ஒருத்தர் இருந்தார்," என்றார். "சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு மூணு மாசம் கழிச்சு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சாவுக்கு மாலை வாங்கிட்டுத்தான் போக வேண்டியிருந்தது."