கோணல் சுவர்

முற்கால இங்கிலாந்தின் ஒரு சிற்றூர். அங்கிருந்த கிறிஸ்தவப் பங்குக் கோயிலில் பூசை நடக்கும் பலிபீட அறை சனங்களுக்குப் போதாமல் போயிற்று. பழைய அறையை உள்ளே நிற்கவிட்டு, அதைச் சுற்றி வெளியே பெரிதாக ஒன்றைக் கட்டினான் ஆல்ட்ரெட். வேலை நன்றாக அமைந்தால் அவனைத் தலைமைக் கல்தச்சன் ஆக்குவதாக ஆசான் ஓஸ்பெர்ட் சொல்லியிருந்தார். புதியதற்குக் கூரை ஏறிய பிறகுதான் உள்ளே இருந்த பழைய சுவர்களை இடித்து அள்ளினார்கள்.

புழுதி அடங்கியதும் ஆல்ட்ரெட் மேற்கு வாசலில் நின்று பார்த்தான். பாட்டன்மார் கட்டிய வட்ட வளைவுகளுக்கு அப்பால் அவனுடைய கூர்வளைவு ஜன்னல் தெரிந்தது. அது நடுவில் இல்லை. பலிபீட அறை முழுவதும் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

பின்னால் வந்து நின்ற மேபல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஊருக்கு மது காய்ச்சுகிறவள்.

"கல்தச்சரே, என் கடைக்கு வந்துவிட்டுத்தான் நூல் பிடித்தீரோ?"

ஆல்ட்ரெட் கடப்பாரையை எடுத்தான். "எல்லாவற்றையும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவேன். என் ஆயுளே போனாலும் சரி."

"இடி," என்றார் அருகில் நின்ற ஓஸ்பெர்ட். "அதற்கு முன் தூக்குக்குண்டைப் பிடி."

சுவரருகே போய்ப் பிடித்தான். குண்டு சுவரை ஒட்டி அசையாமல் நின்றது.

"சாய்ந்திருக்கிறதா?"

"இல்லை ஆசானே. திரும்பித்தான் இருக்கிறது."

"ஏன் திரும்பியது?"

"பழைய சுவர் நடுவில் மறைத்தது. மேற்கு வாசலிலிருந்து இங்கே நூல் இழுக்க முடியவில்லை."

"முதலிலேயே அதை இடித்திருக்கலாமே."

"இடித்திருந்தால் பூசை எங்கே நடக்கும்?" ஆல்ட்ரெட்டின் குரல் உயர்ந்தது. "குளிர்காலம் முழுக்க ஊரில் சாவு. இந்த மேபலின் வீட்டுக்காரருக்கே..." சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

மேபல் தரையைப் பார்த்தாள். "அவருக்கும் இங்கேதான் பூசை வைத்தார்கள். வெளியே கல் கொத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சாமியார் வாயைத் திறந்ததும் நின்றுவிட்டது."

ஆல்ட்ரெட் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"புதிய அறையை அர்ச்சித்துத் திறக்க வரும் பிஷப், இது ஏன் கோணல் என்று உங்களைத்தானே கேட்பார்? என்ன சொல்வீர்கள் ஆசானே?"

ஓஸ்பெர்ட் குண்டுநூலைச் சுருட்டினார்.

"தலைமைக் கல்தச்சனைக் கேளுங்கள் என்று உன்னைக் காட்டுவேன்."