வரிக் கடைசி

பூரணலிங்க சாமியின் மடத்தில் பூசையெல்லாம் அப்புறம்தான். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணை இருப்பவர்களுக்கு மதியச் சோறு போக வேண்டும். அதுதான் முதல் வேலை.

சாமிக்கு நாற்பது வயது. சீடர் கேசவமூர்த்திக்கு அறுபது தாண்டிவிட்டது. வடக்கே பிலாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜெகதா காலமான பிறகு அங்கே தனியாக இருக்க முடியாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார். தங்கமான மனுஷர். வாய்தான் கொஞ்சம் ஓயாது.

"அரிசியை ஊறவெச்சுப் போட்டா கேஸ் மிச்சம்மா. பிலாயில அப்படித்தான் செய்வோம்."

"அண்டாவை வாசப்பக்கம் வெச்சா வண்டியில ஏத்தச் சுலபம்மா. பிலாயில அப்படித்தான் வெப்போம்."

யோசனைகள் எல்லாம் சரியானவைதான். ஆனால் சமையல்கட்டுப் பாக்கியம் ஒன்றைக்கூடக் காதில் வாங்கவில்லை. அன்று காலை அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அய்யா பிலாய்லேயே இருந்திருக்கலாமே."

கேசவமூர்த்திக்கு முகம் செத்துப்போயிற்று. நேரே அறைக்குப் போய்ப் பையைக் கட்டிக்கொண்டு சாமி முன்னால் வந்து நின்றார்.

"நான் கிளம்பறேன் சாமி. இங்க என் பேச்சு எடுபடல."

"எங்க போவீங்க?"

"தெரியல."

சாமிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இந்த மனுஷரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதைச் சொன்னால் இவர் இன்னும் பிடிவாதம் பிடிப்பார் என்பதும் தெரியும்.

"போகலாம். புதுக் கம்ப்யூட்டர்ல உங்க ஸ்கிரிப்ட் ஓடலைன்னீங்களே, அதைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போங்க. எந்த வார்டுக்கு எத்தனை சாப்பாடுன்னு தெரியாம பாக்கியம் தவிக்கிறா."

விஷயம் இதுதான். வார்டுகளிலிருந்து வரும் கணக்கைக் கூட்டி அச்சடித்துத் தர, விண்டோஸ் இருந்த பழைய கம்ப்யூட்டரில் கேசவமூர்த்தி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னப் புரோகிராம், எழுதிவைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகி, அன்பர் ஒருவர் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் கொடுத்தார். ஸ்கிரிப்ட்டை அப்படியே கொண்டுவந்து இதில் வைத்தார்கள். ஓடவில்லை.

கேசவமூர்த்தி பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கோப்பு சரியான இடத்தில்தான் இருந்தது. ஓடுவதற்கு அனுமதி கொடுத்தார். அப்போதும் ஓடவில்லை. எந்தப் புரோகிராம் இதை ஓட்ட வேண்டும் என்று முதல் வரியில் எழுதியிருந்தது. அப்படி ஒரு புரோகிராமே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"கண்ணு முன்னால இருக்கு, இல்லைங்குது. கழுதை."

சாமி மோர் கொண்டுவந்து கொடுத்தார். கேசவமூர்த்தி பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக் குடித்தார்.

பிறகு அதே முதல் வரியைப் புதிதாக ஒரு கோப்பில் தட்டிப் பார்த்தார். அது ஓடியது. இரண்டு வரிகளும் பார்வைக்கு ஒன்றுதான். மறைவாக இருக்கும் குறிகளையும் காட்டும்படி மாற்றினார். திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"பிடிச்சிட்டேன் சாமி. விண்டோஸ்ல எழுதினா ஒவ்வொரு வரி முடிவிலயும் ஒரு குறி கூடுதலா விழும். சாதாரணமாப் பாத்தாக் கண்ணுக்குத் தெரியாது. அங்க அது வழக்கம், ஒரு தொந்தரவும் இல்ல. இங்க முதல் வரியில இருக்கிற புரோகிராம் பேரோட அதையும் சேத்துப் படிக்குது. அப்படி ஒரு பேரே இல்லைங்குது."

"எழுதினதுல தப்பு?"

"ஒரு வரியில கூட இல்ல."

"அந்தக் குறியை எடுத்துட்டா?"

"ஓடும்."

ஓடியது. வார்டு வாரியாகக் கணக்கு அச்சாகி வந்தது.

"இந்தத் தாளை நீங்களே பாக்கியத்துகிட்ட குடுத்துடுங்க" என்றார் சாமி. "அரிசி ஊறவைக்கிறதை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்களேன்."

கேசவமூர்த்தி சாமியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தாளை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

பாக்கியம் தாளை வாங்கிக்கொண்டாள்.

"அரிசியை ஊறவெச்சுப் போட்டா கேஸ் மிச்சம்மா" என்றார். வாய் அதோடு நிற்குமா? அடுத்து வரும் பிலாய்க்கு உதடு கூடிவிட்டது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டார்.

பாக்கியம் மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானாய்யா?"

"அவ்வளவுதாம்மா."

"சரி, நாளைக்கு ஊறவெச்சுப் பாக்குறேன்." தாளை மடித்து இடுப்பில் செருகினாள். "காலைல பட்டுன்னு சொல்லிப்புட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

கேசவமூர்த்தி திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. சாமி எதிரில் உட்கார்ந்தார்.

"சொன்னது எடுபட்டுது சாமி."

"ம்."

"ஆனா ஜெகதா இருந்த ஊர் சாமி அது. நான் வேணும்னே சொல்றதில்ல, தானா வருது. அதையும் எடுத்துப் போட்டுடணுமா?"

சாமி எழுந்தார். கீழே இருந்த பையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் அறைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"சாயங்காலம் வாங்க. பிலாய் வரிக் கடைசியில வேணாம். முதல்லேருந்து சொல்லுங்க, நான் கேக்கறேன்."