வெட்டிய இடத்தில் ஒரு மத்தள அடி

முன்னொரு காலத்தில் மணலூர் நாட்டை வீரமுடியான் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! காலையில் ஒரு கட்டளை, மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று. எல்லாவற்றையும் சரிக்கட்டிச் சரிக்கட்டியே மந்திரி பொன்னம்பலத்தார் அலுத்துப் போயிருந்தார்.

அந்த வருஷம் மழை இல்லை. ஆவுடை என்ற பெண்புலவர், "ஊர் ஏரியில் புழுதி, ராஜா குளத்தில் தாமரை" என்று பாடிவிட்டாள்; ஊரே சிரித்தது. உள்ளதைச் சொன்னால் எரிச்சல்தானே?

"அறுங்கள் அவள் நாக்கை!" என்றான் ராஜா.

மந்திரி வழக்கம்போல் கெஞ்சினார். ராஜா கொஞ்சம் இறங்கி வந்தான்.

"சரி, ஆஸ்தானப் புலவர் நாகலிங்கர் கெட்ட வரிகளை வெட்டட்டும். மிச்சத்தை அவள் ஜனங்கள் முன்னால் பாடட்டும். அப்போதும் யாராவது சிரித்தால் நாக்கு போகும்!"

நாகலிங்கருக்கு ஆவுடைமேல் நெடுநாள் பொறாமை. அவர் வெட்டிய வெட்டில் பாட்டு சல்லடையாகிவிட்டது.

"இத்தனை வெட்டினால் தாளம் நொண்டுமே, ஓய்," என்றார் மந்திரி களைப்புடன். "வெட்டிய இடத்தில் மத்தளத்தில் ஓர் அடி போட்டு நிரப்பலாமா?"

"தாராளமாக! மத்தளமா ராஜதுரோகம் பேசப்போகிறது?"

சபை கூடியது. ஆவுடை தொடங்கினாள். "நம்ம ராஜா செய்தது என்ன..."

தொம்!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா துள்ளி எழுந்தான். "கூப்பிடு நாக்கறுக்கிறவனை!"

"வெட்டிய வரி ஒன்றையும் அவள் சொல்லவில்லையே, பிரபு. என்ன கேட்டுச் சிரித்தார்கள் என்று அவர்களையே கேளுங்கள்," என்றார் மந்திரி.

ராஜா கேட்டான்.

"உப்புக்கு வரி போட்டீங்களே, அதத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன் சாமி," என்றான் உப்பு வியாபாரி.

"எம்புருசனக் கோட்டை வேலைக்குப் புடிச்சிட்டுப் போயி இன்னும் விடலியே, அதில்லையா?" என்றாள் ஒரு கூடைக்காரி.

"சண்டைக்குப் போயி பாதி வழியில திரும்பி ஓடியாந்தாரே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "மந்திரி, அவள் முதலில் பாடியதுதான் என்ன? எனக்கு மறந்தே போயிற்று!"

"உங்கள் குளத்தில் தாமரை பூத்தது என்று, பிரபு."

"அவ்வளவுதானா! அதையே பாடச் சொல்லும்! அவள் நாக்கு அவளுக்கே இருக்கட்டும். குளத்தையும் ஊருக்குத் திறந்துவிடுங்கள். ஓய் நாகலிங்கரே, நீர் வெட்டிய வரிகளைத் தெருத்தெருவாக நீரே பாடிக்கொண்டு போம்!"

ஆவுடைக்கு அழுகை வந்துவிட்டது. ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"எல்லாரும் சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லையே? உமக்கு அந்த இடத்தில் ஒன்றும் தோன்றவில்லையா?"

மந்திரி பெருமூச்சு விட்டார்.

"தோன்றாமல் என்ன, பிரபு? எதைப் போடுவது, எதை விடுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது."