ரயில் உலுக்கிய நாவல் மரம்

முள்ளம்பன்றி ஊசியப்பனும் அவன் மனைவி மருதாயியும் கரைமேட்டில் குடியிருந்தார்கள். கரைமேடு என்பது காட்டின் கடைசி ஓரம். ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் ரயில் பாதை. பாதையை ஒட்டி ஒரு பெரிய நாவல் மரம். அதன் வேரடியில்தான் இவர்களுடைய வளை.

அந்த இடத்தைக் குறை சொல்லாவிட்டால் ஊசியப்பனுக்குத் தின்றது செரிக்காது.

"வெயில் மண்டையைப் பிளக்குது! மழை வந்தா வாசல்ல தண்ணி! காட்டுக் கூட்டத்துக்குப் போய்ச் சேர அரை நாள்! இதெல்லாம் ஒரு இடமா?"

எல்லாவற்றையும்விட அவனுக்கு ஆகாதது ரயில். காலையும் மாலையும் அது தடதடவென்று போகும். தரை அதிரும். ஊசியப்பனின் முட்கள் தாமாக எழுந்து நிற்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மருதாயியை நறுக்கென்று குத்தும்.

"ஐயோ!" என்பாள் அவள்.

"பாத்தியா? உனக்காகத்தான் சொல்றேன். நடுக்காட்டுக்குப் போயிடலாம்!"

"நம்ம மூணு பிள்ளைங்களும் பொறந்து வளந்து போன வளைங்க இது!"

ஊசியப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

விலங்குகள் எல்லாம் கூடும் சித்திரை மாதக் காட்டுக் கூட்டத்தில் பாறையன் என்ற உடும்பு அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் நடுக்காட்டுல இருக்கேன் அண்ணே. எல்லாமே பக்கம்தான். ஊத்து கூப்பிடு தூரம். ஆனா வெயிலே விழறதில்ல. உடம்பு சில்லுன்னு கிடக்கு," என்றான்.

ஊசியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"வளையை மாத்திக்கலாமா தம்பி? எங்க கரைமேடு மாதிரி வருமா! நாள் முழுக்க வெயில்! கிழங்குத் தோட்டம் காலடியில! சாயங்காலம் ஆனா அப்படி ஒரு காத்து! சிறுத்தை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது! நாவப்பழம் தானா வந்து மடியில விழும்!"

ரயிலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

மருதாயி அவன் காதோரம் குனிந்தாள். "இவ்வளவு நல்ல இடத்தை நாம ஏங்க விடறோம்?"

"சும்மா இரு! வேண்டாததைத் தள்ளிவிடறப்போ இப்படித்தான் அளக்கணும்!"

மறுநாளே வளைகள் கை மாறின. மருதாயி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நடுக்காடு முதலில் நன்றாகத்தான் இருந்தது. குளுகுளு நிழல். நாலு எட்டில் ஊற்று. முள் எழவில்லை, குத்தும் இல்லை. பிறகு ஒருநாள் சிறுத்தை வாசலில் வந்து உறுமிவிட்டுப் போனது. மறுவாரமும் வந்தது. வளைக்குள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

ஆடி பிறந்தது. நடுக்காட்டில் பத்து நாவல் மரங்கள் கறுத்துத் தொங்கின. இருவரும் அடியில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பழம்கூட விழவில்லை. குரங்குகள் மேலேயே தின்று தீர்த்துவிட்டுக் கொட்டையைத் துப்பின. ஒன்று ஊசியப்பனின் மூக்கில் பட்டது.

"நம்ம வாசல் இந்நேரம் ஊதாவா இருக்கும்," என்றாள் மருதாயி. "சின்னவன் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டுவான், ஞாபகம் இருக்கா? குத்து வாங்கிக்கிட்டே அங்க இருந்திருக்கலாம்ங்க."

ஊசியப்பன் மூக்கைத் தடவிக்கொண்டான். தினமும் காலையில் ரயில் நேரத்துக்கு அவனுக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். காதைத் தரையில் வைத்துப் பார்ப்பான். ஒன்றும் கேட்காது. அவனுக்கும் ஏக்கமாகத்தான் இருந்தது. சொல்வதற்குத்தான் வீம்பு விடவில்லை.

கடைசியில் வீம்பை விட்டு, இருவரும் கரைமேட்டுக்குக் கிளம்பினார்கள். வெறும் கையோடு கெஞ்சலாமா? ஊசியப்பன் ஒரு தந்திரம் வைத்திருந்தான்.

"பாறையா, ஒரு உண்மையைச் சொல்லாம விட்டுட்டேன். இங்க ரயில் தொல்லை உண்டு! பாவம், நீ தவிச்சிருப்பே. பரவாயில்ல, நானே வளையைத் திருப்பி எடுத்துக்கறேன்!"

வெயிலில் கிடந்த பாறையன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"ரயிலா? அதைத்தான் நீங்க முதல்ல சொல்லியிருக்கணும் அண்ணே! தரை அதிர்றப்போ வயித்தைத் தரையோட ஒட்டிப் படுத்தா, உடம்பு பிடிச்சுவிட்ட மாதிரி இருக்கு! அந்தச் சத்தத்துக்குத்தான் சிறுத்தை வர்றதில்ல. குரங்கும் மரத்துல தங்கறதில்ல. அது உலுக்கற உலுக்குலதான் பழமெல்லாம் கொட்டுது! அன்னிக்கு நீங்க அளந்தப்போ பாதியாவது பொய்யா இருக்கும்னு நெனச்சேன். நீங்க சொன்னது அத்தனையும் நிஜம் அண்ணே!"

பொய் என்று நினைத்து ஊசியப்பன் அளந்ததெல்லாம் உண்மை. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாமல் போயிருந்தது.

"வளையைக் கொடுக்க மாட்டேன்," என்றான் பாறையன். "ஆனா பழம் எனக்கு வேண்டாம். கால்ல ஒட்டி வழுக்குது. ஆடி மாசம் வந்தா நீங்க வந்து பொறுக்கிக்குங்க. விருந்தாளியா."

மாலை ரயில் வந்தது. தரை அதிர்ந்தது, மரம் குலுங்கியது, பழங்கள் பொலபொலவென்று கொட்டின. ஊசியப்பனின் முட்கள் எழுந்து நின்றன. மருதாயி நகரவில்லை. குத்து வாங்கிக்கொண்டே பழம் பொறுக்கினாள்.

"என்ன அண்ணே, கண்ணு கலங்குது?" என்று கேட்டான் பாறையன்.

"ரயில் புகைப்பா."

"இந்த ரயில்ல ஏது அண்ணே புகை?"

ஊசியப்பன் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். பிறகு இருவரும் நடுக்காட்டை நோக்கி நடந்தார்கள். போய்ச் சேர அரை நாள்.

குறையை மட்டும் எண்ணி ஓர் இடத்தை விட்டுப் போகிறவன், அதன் நிறையை வாசலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.