மூன்றாம் கிணற்றின் நீலம்

நிறமே இல்லாத நீர். ஒருவர் மருந்து விட்டுச் சோதித்தபோது நீலமானது. இன்னொருவர் அதே மருந்தை விட்டபோது நிறம் மாறவில்லை. நீரை யாரும் மாற்றவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. எப்படி என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கடலோரத்தில் ஓர் அயோடின் ஆலை இருந்தது. நிலத்தடி உவர்நீரில் இருக்கும் அயோடினைக் குளோரின் கொண்டு விடுவித்து, உயரமான கோபுரத்தில் காற்றை ஊதி ஆவியாகப் பிரித்தெடுப்பார்கள். புதிதாக மூன்றாவது ஆழ்துளைக் கிணறு தோண்டியிருந்தார்கள். அதில் அயோடின் இருந்தால் ஊர்க்காரர் ஒன்பது பேருக்கு வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் கிணற்றை மூடிவிடுவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஜெயசீலி, அந்த நீரில் அமிலமும், அயோடின் பட்டால் நீலமாகும் ஸ்டார்ச் கரைசலும் கலந்து, குளோரின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஐந்தாவது சொட்டில் நல்ல நீலம் வந்தது. நிறுத்திக்கொண்டார். “குளோரின் நீர் சேர்த்ததும் நீலம் வந்தது” என்று அறிக்கை எழுதிவிட்டு, அக்காள் மகள் கல்யாணத்துக்குப் புறப்பட்டார்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பொறியாளர் தளவாய் வந்தார். அறிக்கையில் உள்ளபடியே எல்லாம் செய்து, குளோரின் நீரைக் கால் சோதனைக்குழாய் அளவு ஒரேயடியாக ஊற்றினார். நீலம் இல்லை. மறுபடியும் ஊற்றிப் பார்த்தார். இல்லை. ஜெயசீலிக்குப் போன் செய்தார்கள். கல்யாண மண்டபத்து மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கிணற்றை மூடவும் தேவைப்பட்ட துளைபோடும் வண்டி அன்றே திரும்ப வேண்டியிருந்ததால் யாரும் காத்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கிணற்றில் சிமெண்டு இறங்கியது.

திரும்பி வந்த ஜெயசீலி, பாட்டிலில் மீந்திருந்த நீரில் ஐந்து சொட்டு விட்டுக் காட்டினார். நீலம் வந்தது. பிறகு மளமளவென்று ஊற்றினார். மறைந்தது.

“இப்படிக் கொட்டினா எப்படி சார் நிக்கும்? இங்க கூட்டுற ஆளுக்குக்கூடத் தெரியுமே” என்றார்.

“நான் இந்த ஊர் ஆள் இல்லையேம்மா. சேர்த்ததும்னு எழுதியிருக்கீங்க, சேர்த்தேன். எத்தனை சொட்டுன்னு எங்க இருக்கு?” என்றார் தளவாய்.

இதில் தவறு யாருடையது? அளவு கேட்காமல் ஊற்றியவருடையதா, அளவு எழுதாமல் போனவருடையதா?

விடையில் பாதி இது: அளவான குளோரின் அயோடினை விடுவிக்கும், அளவு மீறினால் அதே குளோரின் அதை நிறமில்லாத வேறு பொருளாக மாற்றிவிடும். ஸ்டார்ச் அதைக் காட்டாது. கோபுரத்தில் எவ்வளவு காற்று ஊதினாலும் அது வெளியே வராது.

மற்றப் பாதியை, அன்றிரவு வீட்டில் சாப்பிடும்போது, பெயர்களைச் சொல்லாமல், எட்டு வயது மகள் ரெனிலாவிடம் கேட்டார் ஜெயசீலி. எழுதாதவர்தான், படிக்கிறவருக்கு எழுதினது மட்டும்தானே தெரியும் என்றாள் ரெனிலா.